ஒன்பதாம் எண் சாவி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதருக்குச் செய்ய எத்தனையோ இருக்கிறது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம். துணி ஊறவைக்கலாம். ஒன்றுமில்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் சண்டையையாவது காது கொடுத்துக் கேட்கலாம். பூட்டக்கா இதில் எதையும் செய்வதில்லை. எட்டு மணிக்கெல்லாம் சந்தை வாசலில் இருக்கிற சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய், தகரக் கூரையின் ஓரத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் துணிப்பை. அதற்குள் இரண்டு திருப்புளி, ஒரு சின்னச் சுத்தியல், ஒரு இடுக்கி, பென்சில் கரியைத் தூளாக்கி அடைத்த மாத்திரை டப்பா. முன்னால் ஒரு அட்டை: 'சைக்கிள் பூட்டு சரிபார்த்துத் தரப்படும். இலவசம்.'

இலவசம் என்று எழுதிப் போட்டால் சந்தேகப்படாத ஜனம் எங்கே இருக்கிறது? முதல் மாதம் ஒருவரும் கிட்டே வரவில்லை. பூட்டைக் கழற்றி விற்றுவிடுவாளோ என்று சிலர் தள்ளி நின்று வேவு பார்த்தார்கள். பிறகு ஒரு பால்காரர் வந்தார், துருப்பிடித்த பூட்டு ஒன்று அவள் கையில் வெண்ணெய் மாதிரித் திறந்தது. அதற்கப்புறம் கூட்டத்துக்குக் குறைவில்லை. பூட்டக்கா என்ற பேரும் அங்கே வந்து ஒட்டிக்கொண்டதுதான். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது அக்கா மகள்களைத் தவிர யாரும் இல்லை. அவர்களும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஸ்டாண்ட்காரர் வயதானவர், வாய் சும்மா இருக்காது. "ஏங்க்கா, ஆறு நாள் கம்பெனியில பூட்டு, ஏழாவது நாள் இங்க பூட்டு. கனவுலயாவது வேற ஏதாச்சும் வருமா?" என்பார்.

"சாவி வரும்" என்பாள் அவள், தலை நிமிராமல்.

அவர் சிரிப்பார். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

வருகிறவர்களுக்கு அவளிடம் திட்டு உறுதி. "இதுக்குள்ள சமையல் எண்ணெய் ஊத்துன புண்ணியவான் யாரு? அது பசையாகிப் புழுதியெல்லாம் பிடிச்சு வச்சிருக்கு பாருங்க. பூட்டு என்ன, தாளிக்கிற சட்டியா? பென்சில் கரித்தூள் ஒரு சிட்டிகை போதும்." மழையில் நனைந்த பூட்டை அப்படியே விட்டவர்களுக்கு வேறு திட்டு. எண் பூட்டு வைத்திருக்கிற மகாராஜாக்கள் கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு பல் தள்ளிவிட்டுப் போவார்கள். அவர்கள் கண்ணெதிரே அதைத் திருப்பித் திறந்து காட்டி மானத்தை வாங்குவாள். "சக்கரத்த மட்டும் பூட்டினா சைக்கிள் உருளாது, அவ்வளவுதான். தோள்ல தூக்கிட்டுப் போறவனுக்கு அது எதுக்கு உருளணும்? சட்டத்துக்குள்ள சங்கிலிய விட்டுக் கம்பத்தோட சேத்துக் கட்டுங்க" என்பாள். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். நூற்றில் இரண்டு பேர் செய்தால் அதிகம்.

ஆனால் கரித்தூளும் திட்டும் வெறும் சாக்கு. ஒவ்வொரு பூட்டையும் கையில் வாங்கியதும் அவள் பார்க்கிறது ஒரே ஒரு இடம்தான். சாவித் துவாரத்துக்குக் கீழே மூன்று புள்ளி குத்தியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். இருந்தால், பையின் உட்பக்கம் தனியாகத் தைத்த சின்ன அறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போடுவாள். அது திறக்காவிட்டால் ஒரு பெருமூச்சு. திறந்துவிட்டால் முகத்தில் ஈயாடாது.

"உள்ள தகடு தேஞ்சு போச்சு. வேற தகடு வச்சுப் புதுச் சாவி தர்றேன். பத்து நிமிஷம். பழைய சாவி ரெண்டையும் குடுத்திருங்க" என்பாள். இலவசமாகப் புதுச் சாவியா என்று அவர்களுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அப்படி வாங்கின பழைய சாவிகளை வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பியில் கோத்து வைத்திருக்கிறாள். அறுபத்து மூன்று ஜோடி சேர்ந்திருக்கிறது. அத்தனையும் ஒரே வெட்டு. இருக்க வேண்டியது இருநூற்று நாற்பது.

இந்த இருநூற்று நாற்பது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி என்ன சொன்னாலும் பாதிதான்.

அவள் வேலை செய்கிற இடம் பூட்டுக் கம்பெனியில் கோர்ப்புப் பிரிவு. நீளமான மேசை, தலைக்கு மேல் குழல்விளக்கு, முன்னால் சுவரில் தேன்கூடு மாதிரி தொண்ணூற்றாறு பொந்து. ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு எண், உள்ளே அந்த எண்ணுக்குரிய சாவி ஜோடிகள். பூட்டுக்குள் ஐந்து பித்தளைத் தகடு நிற்கும். எந்த எண் சாவிக்கு எந்தத் தகடு என்று எதிரே அட்டை தொங்கும். சாவியை எடுத்து, அட்டையைப் பார்த்து, தகட்டை இடுக்கியால் வைத்து, மூடி, திறந்து பார்த்து, தன் அடையாளப் புள்ளியைக் குத்தித் தள்ள வேண்டும். அவளுடையது மூன்று புள்ளி. ஒரு பொந்தில் ஒரு ஜோடிதான் எடுக்கலாம். அடுத்த பூட்டுக்கு அடுத்த பொந்து. சுற்றி முடித்து மறுபடி முதலிலிருந்து. ஒரே பெட்டியில் ஒரே சாவிக்குத் திறக்கிற இரண்டு பூட்டு போய்விடக் கூடாது, அதற்குத்தான் இந்தச் சுற்று. ஊரில் எத்தனை ஆயிரம் சைக்கிள், தொண்ணூற்றாறு சாவி போதுமா என்று கேட்டால் கம்பெனிக்குக் கோபம் வரும். அது இருக்கட்டும்.

நாளுக்கு இருநூற்று நாற்பது பூட்டு. முடித்தால் கிளம்பலாம். சுற்றிச் சுற்றி எடுத்தால் மாலை ஐந்தரை ஆகும்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அவளுடைய அக்கா ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் கிடந்தாள். பெற்றவள் போன பிறகு இவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, வேலைக்கு அனுப்பி ஆளாக்கினது அந்த அக்காதான். இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இவள் விடுப்பு கேட்டாள். அவசர ஆர்டர், முடித்துவிட்டுப் போ என்றார் மேஸ்திரி. முதல் நாள்தான் ஒன்பதாம் எண் சாவி மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. ஒரே எண்ணாக இருந்தால் அட்டையைப் பார்க்க வேண்டாம், எழுந்து கை நீட்ட வேண்டாம், விரலே வேலையைச் செய்துவிடும். அவள் மூட்டையை மடிக்குப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றரை மணிக்கு இருநூற்று நாற்பதும் முடிந்தது. பரிசோதகர் ஒவ்வொரு பூட்டையும் அதனதன் சாவியால் திறந்து பார்த்தார். எல்லாம் திறந்தன. வேறு பூட்டின் சாவியால் திறக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலையில்லை. பெட்டி கட்டுகிறவர் எப்படியும் மற்றவர்கள் பூட்டோடு கலந்துதான் அடுக்குவார் என்று இவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் கலக்கவில்லை. சாயங்காலமே அத்தனையும் இதே ஊர்ச் சைக்கிள் கடைகளுக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு நினைவு இருந்தது. "தலை அரிக்குது, கொஞ்சம் சீவி விடேன்" என்றாள். இவள் சிக்கெடுத்துச் சீவினாள். மெதுவாக, நுனியிலிருந்து, அக்கா இவளுக்குச் செய்வது போலவே. ஆறு மணிக்கு அக்கா போய்விட்டாள், பின்னின சடையோடு. அந்த நான்கு மணி நேரத்தை யாராவது திருப்பிக் கேட்டால் இவள் கொடுப்பாளா? மாட்டாள். அதுதான் இத்தனை வருஷமும் அவளை அரித்தது. செய்தது தப்பு என்று தெரியும், செய்யாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் மனசு சொல்லாது.

ஐந்து மாதம் கழித்து, வேலை விட்டு நடந்து வரும்போது இதே சந்தை வாசலில் ஒரு கூட்டம். நடுவில் ஒரு ஆளைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். பெரிய துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டுகிறவர், கடைச் சீருடையோடு இருந்தார். பிடித்திருந்தவர் அதே கடையின் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் சைக்கிளை லிஃப்ட்காரர் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"கொட்டகை இருட்டா இருந்துச்சு சார். என்னோடதும் இதே கறுப்புதான். சாவியப் போட்டேன், திறந்துச்சு" என்றார் லிஃப்ட்காரர்.

"என் பூட்டு உன் சாவிக்கு எப்படிடா திறக்கும்?"

"அதான் சார் எனக்கும் தெரியல. என் சாவியிலதான் திறந்துச்சு. என் சைக்கிள் அங்கயே நிக்குது. உங்க சாவிய அதுல ஒரு தடவ போட்டுப் பாருங்க சார்."

"என் சாவிய வேற உன் கையில குடுக்கணுமா?" என்றார் சூப்பர்வைசர். கூட்டம் சிரித்தது. அடுத்து அடி விழுந்தது. சாவியைப் பிடுங்கி, அரத்தால் ராவின கள்ளச்சாவி என்று ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்த்தார்கள்.

சைக்கிள் இவளுக்குக் கையெட்டும் தூரத்தில் சாய்ந்து கிடந்தது. சாவித் துவாரத்துக்குக் கீழே மூன்று புள்ளி. ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும், வீட்டில் அக்காவின் இரண்டு பெண்கள், பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. அவள் நினைத்ததை மென்று விழுங்கிவிட்டு நடந்தாள். மறுநாள் மேஸ்திரியிடம் மட்டும் சொன்னாள். "பரிசோதனைச் சீட்டுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். வாய மூடிக்கிட்டு இரு" என்றார் அவர். அவளுக்கு அது தோதாகத்தான் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. லிஃப்ட்காரருக்கு வேலை போய்விட்டதாகக் காதில் விழுந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மணையோடு வந்து உட்கார்ந்தாள். கழித்துப் போட்ட தகடுகளையும் சாவிகளையும் கம்பெனியிலிருந்து எடுத்து வருவாள். மேஸ்திரி பார்த்தும் பார்க்காதது போல இருப்பார். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. பெரியவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊர். சின்னவள் ஒரு மருந்துக்கடையில் நல்ல வேலையில் இருக்கிறாள். இப்போது வேலை போனால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. பழக்கமாகிவிட்ட பொய் சௌகரியமான செருப்பு மாதிரி காலில் கிடந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு. தூறல் விட்டிருந்தது, கூட்டம் குறைவு. கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோள் இரண்டும் மூட்டை தூக்கித் தூக்கிக் கனத்துப் போயிருந்தது.

"அக்கா, பூட்டு இறுகிப் போச்சு. பாப்பீங்களா?"

"நிறுத்துங்க தம்பி. எண்ணெய் விட்டீங்களா?"

"இல்லக்கா. நான் அதத் தொடுறதே இல்ல."

துருவைத் துடைத்தாள். மூன்று புள்ளி தெரிந்தது. கை தன்னால் பையின் உள் அறைக்குப் போனது. சாவியைப் போட்டுக் கரித்தூள் ஊதி மெல்லத் திருப்பினாள். வளையம் டக்கென்று பின்வாங்கியது.

அடுத்த நொடி அவள் மணிக்கட்டை அவர் பிடித்திருந்தார். அவருடைய சாவி இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

"இது என்ன சாவி?"

"கம்பெனிச் சாவி தம்பி. எல்லாப் பூட்டும்..."

"எல்லாப் பூட்டும் திறக்குமா? அப்போ பக்கத்துல நிக்கிற அந்தப் பூட்டைத் திறங்க, பாப்போம்."

அது வேறு கம்பெனிப் பூட்டு. ஸ்டாண்ட்காரர் சீட்டுக் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தள்ளி நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறத்தியார் பூட்டில் சாவியோடு கையும் களவுமாக ஒருத்தி. இதே கதியைத்தானே ஒருநாள் வேறொருவருக்குத் தேடிக் கொடுத்தாள்.

"நான் சத்தம் போடலக்கா" என்றார் அவர். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி என் சாவி இன்னொருத்தர் பூட்டைத் திறந்துச்சு. ஒருத்தரும் நம்பல. இந்தப் பூட்ட அதுக்குத்தான் வச்சிருக்கேன். இதே மாதிரி இன்னொண்ணு எங்கயாவது இருக்கும்ல? ஆனா தேட முடியாதே. திருடன்னு பேர் வாங்கினவன் அடுத்தவன் பூட்டுல சாவி போட்டுப் பாக்க முடியுமா?"

அவளுக்கு அப்போதுதான் முகம் தெரிந்தது. சீருடை இல்லை, மயிர் நரைத்திருந்தது, குரல் மட்டும் அதே குரல்.

கையை விடுவித்துக்கொள்ளாமலே சொன்னாள். பொந்து, சாவி மூட்டை, அக்காவின் சடை, கையெட்டும் தூரத்தில் கிடந்த சைக்கிள், எல்லாவற்றையும். ஸ்டாண்ட்காரரும் கிட்டே வந்து கேட்டார்.

"நீங்க அங்க இருந்தீங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"இருந்தேன்."

"அடிக்கும்போது."

"ம்."

அவர் அவள் கையை விட்டார். அவள் அழுதுகொண்டே திருப்புளியை எடுத்தாள். "குடுங்க தம்பி, இத முதல்ல மாத்திடுறேன்."

"தொடாதீங்க. இது ஒண்ணுதான் எனக்குச் சாட்சி." சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நான் திருடலன்னு எனக்குத் தெரியும். எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்க. நல்லவதான். ஒரு நாள் கூட என்னைய எதுவும் கேட்டதில்ல. ஆனா அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து அலமாரியப் பூட்டி, சாவிய ஊக்குல மாட்டி உடுப்புக்குள்ள வச்சிருக்கா. நானும் ஏன்னு கேட்டதில்ல."

மணையை எடுத்துவைத்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். வழியில் தன் வீட்டுக்குள் போய்க் கதவுக்குப் பின்னாலிருந்த கம்பியை எடுத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் வீடு ஒரு நீள வரிசையின் கடைசியில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலிடம், கட்டிலை ஒட்டி நீல வர்ணம் அடித்த இரும்பு அலமாரி. அவர் மனைவி வாசல்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பூட்டக்கா நின்றபடியே சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை.

கேட்டு முடித்ததும் அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "அவர் உங்களுக்கு ஏதாவது குடுத்து இப்படிச் சொல்லச் சொன்னாரா?"

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பூட்டக்கா கம்பியைப் பிரித்துச் சாவிகளை முறத்தின் மேலேயே கொட்டினாள். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆளோட சாவி. நீங்களே போட்டுப் பாருங்க."

அந்த அம்மாள் எழுந்து வந்து சைக்கிளைப் பூட்டினாள். ஒரு சாவியை எடுத்துப் போட்டாள். டக். மறுபடி பூட்டினாள், அடியிலிருந்து வேறொன்றைத் தேடி எடுத்துப் போட்டாள். டக். மூன்றாவது, நான்காவது. இருபது தாண்டிய பிறகும் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் வெளியே வந்து நின்றார்கள். ஒரு சாவியாவது பொய் சொல்லட்டும் என்று அவள் போட்டாளா, இல்லை இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் போட்டாளா, தெரியவில்லை. டக், டக் என்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் விரல் கரித்தூளில் கறுத்துப்போய், அப்படியே பின்சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றாள் புருஷனைப் பார்த்து.

"சொன்னேன்."

"என் சாவியிலதான் திறந்துச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

அவள் கழுத்தோரம் கைவிட்டு ஊக்கைக் கழற்றினாள். அலமாரிச் சாவியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு அதுல எடுக்க ஒண்ணும் இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போய் அலமாரியிலேயே அதைச் செருகிவிட்டு வந்தாள்.

பூட்டக்காவை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நாளைக்குக் கம்பெனியில் எழுதிக் கொடுக்கிறேன், துணிக்கடையிலும் வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் இரண்டையும் செய்தாள். கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பியது. துணிக்கடையில் அந்தச் சூப்பர்வைசர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். லிஃப்டும் இப்போது ஆள் இல்லாமல் தானே ஓடுகிறது. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அவள் சாவிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது லிஃப்ட்காரர் கூப்பிட்டார்.

"அக்கா. இப்ப மாத்திக் குடுங்க."

அவள் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தாள். திருகாணியைக் கழற்றினாள், ஆணியைத் தட்டி எடுத்தாள், ஐந்து தகட்டையும் உருவினாள். கண்ணீர் கண்ணை மறைத்தது, புதுத் தகடு எது என்று தெரியவில்லை. லிஃப்ட்காரரின் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்கக் கேட்க ஒவ்வொரு தகடாக எடுத்துக் கொடுத்தாள். பத்து நிமிஷ வேலை அரை மணி நேரம் ஆனது.

புது எண்ணுக்கு இரண்டு சாவி. லிஃப்ட்காரர் இரண்டையும் போட்டுத் திறந்து பார்த்தார். ஒன்றைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றதை மனைவியிடம் நீட்டினார்.